சிபியு ஆன் ஆகமாட்டேங்குதுங்களா? எங்கே நிற்கிறதென்று முதலில் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகமாட்டேங்குதுங்க." திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீசானாலும், ஈரோட்டு மஞ்சள் மண்டியானாலும், பொள்ளாச்சியில் பிள்ளை படிக்க வாங்கிப்போட்ட வீட்டுக் கம்ப்யூட்டரானாலும், சர்வீஸ் கடைக்கு வருகிற புகார் இந்த ஒரே வரிதான். இந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்தாறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பட்டனை அழுத்தினால் ஒரு லைட்கூட எரியாதது ஒன்று. ஃபேன் சுற்றியும் மானிட்டர் கறுப்பாகவே இருப்பது வேறு. லோகோ வந்து அங்கேயே நின்றுபோவது, விண்டோஸ் வட்டம் சுற்றிச் சுற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது, ஆன் ஆகி இரண்டு நிமிடத்தில் தானாக அணைவது எல்லாம் தனித்தனிக் கோளாறு. எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரண்ட்டை மாற்றித் தரும் பவர் சப்ளை டப்பா) செத்ததற்கு விண்டோஸ் மாற்றிப் பயனில்லை. ரேம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவுப் பட்டை) சரியாக உட்காராததற்குப் புது ஹார்ட் டிஸ்க் வாங்கியும் பயனில்லை. காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கம்ப்யூட்டர் ஆன் ஆவது கைமாற்றிக் கைமாற்றிப் போகிற வேலை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றுகிறது. மாற்றி முடித்ததும் "கரண்ட் சரியாக இருக்கிறது" என்று சாம்பல் நிற வயர் வழியாக, எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டுக்குச் சொல்கிறது. அரை நொடிக்குள் முடிகிற காரியம். பிறகு கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் விழிக்கிறது, ரேமைச் சோதிக்கிறது, டிஸ்ப்ளேயை எழுப்புகிறது, டிஸ்கைத் தேடுகிறது, கடைசியில் விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. இதில் எந்தக் கை தாண்டவில்லை என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. எனவே வெளியிலிருந்து உள்ளே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் அடிக்கிற ஒரு அங்குலப் பிரஷ் (புதிது, பெயின்ட் படாதது), பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், செல்போன். செல்போன் டார்ச்சுக்கு மட்டுமல்ல. எந்த வயரையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள. திரும்பப் பூட்டும்போது அந்தப் போட்டோதான் துணை.

பெட்டியைத் திறக்கும் முன் பவர் கார்டை முழுதாக உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. உருவிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். போர்டைத் தொடுமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலம் முடிந்து காற்று வறண்டு கிடக்கும் மாசி, பங்குனியில் உடம்பில் ஏறும் ஸ்டாட்டிக் கரண்ட் ரேமைக் கொல்லப் போதுமானது. எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கார்டை உருவிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

ஒன்றுமே அசையவில்லை என்றால்

சந்தேகத்தைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே ப்ளக் பாயிண்டில் ஒரு டேபிள் ஃபேனையோ செல்போன் சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். ஓடுகிறதா? அடுத்து யூபிஎஸ். வீடுகளிலும் சின்ன ஆபீசுகளிலும் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். அதன் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம். பேட்டரி செத்துவிட்டால் லைனில் கரண்ட் இருந்தும் சில யூபிஎஸ் ஆன் ஆகாது; சிலது ஆன் ஆகி, லோடு ஏறியதும் கத்திக்கொண்டே அணைந்துவிடும். யூபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழுந்தால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் பேட்டரிதான். லேசர் பிரிண்டரையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டி வைத்திருந்தால் இந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும். பிரிண்டர் சூடேறும் நேரத்தில் இழுக்கும் கரண்ட்டை அது தாங்காது.

சிபியுவின் பவர் கார்டும் பெரும்பாலான மானிட்டர்களின் கார்டும் ஒரே மாதிரிதான். மாற்றிப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகிவிட, சிபியுவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சிவப்பாக 115/230 என்று இன்னொரு தள்ளு சுவிட்ச் இருந்தால் அது 230இல்தான் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளி நம் லைனில் போட்டால் வெடிச் சத்தம்தான்.

இதெல்லாம் சரியென்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கார்டைச் செருகி, மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் கரண்ட் இருந்தாலே ஒரு சின்ன எல்இடி எரியும். அது எரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா வயர் 5 வோல்ட் தருகிறது என்று அர்த்தம். அப்போது சந்தேகம் பவர் பட்டன் மேல் போகட்டும். கேபினெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொள்வதும், அதன் வயர் அறுவதும் சாதாரணம். கோடவுனில் வைத்த கம்ப்யூட்டரென்றால் எலியின் உபயம். போர்டின் ஓரத்தில் முன்பக்க வயர்கள் வந்து சேரும் பின்களில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களிலிருந்து வயரை உருவிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டை மட்டும் ஒரு நொடி தொட வையுங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் கோளாறு பட்டனில்தான். தற்காலிகமாக ரீசெட் பட்டனின் வயரை அந்தப் பின்களில் மாட்டிவிட்டால் ரீசெட் பட்டனே பவர் பட்டன். அதற்குக் காசு தர வேண்டியதில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிப்பதும் கடினமில்லை. கார்டை உருவி, போர்டிலிருக்கும் 24 பின் கனெக்டரையும், பிராசசர் அருகிலிருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும், டிஸ்க்குக்குப் போகும் கனெக்டர்களையும் கழற்றுங்கள். 24 பின்னில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதன் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுக் கார்டைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் அது முடிந்தது. சுற்றினால் "நல்லாயிருக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மற்றவற்றிலும் வைத்துப் பாருங்கள். மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். மஞ்சளில் 10.8 என்று காட்டினால் ஃபேன் சுற்றினாலும் அந்த எஸ்எம்பிஎஸ் வேலைக்காகாது. எல்லா வயரும் கறுப்பாக வரும் புது மாடல்களிலும், கம்பெனி கம்ப்யூட்டர்களில் வரும் வேறு வடிவக் கனெக்டர்களிலும் நிறம் பார்த்து ஊகிக்காதீர்கள். அவற்றை இந்த வழியில் சோதிக்க வேண்டாம்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது டப்பா மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 450, 500 என்ற எண்ணை நம்பாமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 16ஆல் பெருக்க 192 வாட்ஸ்தான் அந்த லைனில் கிடைக்கும். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். டேலியும் எக்செலும் மட்டும் ஓடும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது போதும். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டிசைனிங் கம்ப்யூட்டருக்குப் போதாது. ஆன் ஆகும், டிசைனைத் திறந்ததும் அணையும்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறதென்றால் எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்துகிறது. முன்பக்க யூஎஸ்பி துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தகடு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஹார்ட் டிஸ்க், டிவிடி, யூஎஸ்பி வயர்கள் என ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே முயலுங்கள். எதைக் கழற்றியதும் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

வருகிற கோளாறுகளில் இதுதான் ராஜா. ஆனால் உள்ளே கைவைக்கும் முன் இரண்டு நிமிடம் வெளியே செலவிடுங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். லைட் மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. மானிட்டர் கேபிளைச் சிபியுவிலிருந்து உருவுங்கள். மானிட்டரில் "நோ சிக்னல்" என்றோ அதுபோல ஒன்றோ வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது. மானிட்டரின் இன்புட் விஜிஏவில் இருக்க, கேபிள் எச்டிஎம்ஐயில் மாட்டியிருப்பது ஒரு வழக்கமான தவறு. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டு துளையில் செருகுவது இன்னொன்று. கார்டு இருந்தால் கேபிள் கார்டிலிருந்துதான் வர வேண்டும். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5600 போன்ற ஜி எழுத்தில்லாத பழைய ரைசன்களிலும் படம் காட்டும் பகுதியே கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு "போர்டு போயிருச்சு" என்று முடிவு கட்டினால் நல்ல போர்டு குப்பைக்குப் போகும்.

இனி ரேம். கார்டை உருவி, ரேம் ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கொக்கியை விலக்கினால் (சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும் கொக்கி) ரேம் மேலெழும்பும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. மேசையில் ஒரு பேப்பரை விரித்து அதன்மேல் வைத்து, வெள்ளை ரப்பரால் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள், இரண்டு பக்கமும். ரப்பர் கறுத்தால் அழுக்கு வருகிறதென்று பொருள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது தங்கப்பூச்சைச் சுரண்டிவிடும். ரப்பர்த் துகளைப் பிரஷால் முழுக்கத் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள் போனால் அதுவே புதுக் கோளாறு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் மெல்லிய துணியில் தொட்டு ஒரு துடை. வாசனை ஸ்பிரேயும் சாம்பிராணித் தண்ணீரும் வேண்டாம். இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்லாட்டையும் பிரஷால் கூட்டிவிட்டு ரேமை மாட்டுங்கள். ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வரவேண்டும். இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தும்போது "டக்" என்று கொக்கி தானாக மூடும். அந்தச் சத்தம் வராமல் கொக்கியைக் கையால் மூடினால் ரேம் உட்காரவில்லை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில். உட்காரவில்லையென்று பலம் காட்டாதீர்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் ஒற்றை ரேமுக்குப் பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் சரியான இடம். டிடிஆர்5 ரேமைப் புதிதாக மாட்டினால் முதல் முறை டிஸ்ப்ளே வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். போர்டு அதை அளந்து பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து அளக்கும்.

போர்டும் உங்களிடம் பேசும். ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் விடாமல் பீப் பீப் என்று கத்துவது பெரும்பாலும் ரேமுக்காக; ஒரு நீளம் இரண்டு குட்டை என்று வந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு. பயாஸ் (ஆன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்) தயாரிப்பாளரைப் பொறுத்து இது மாறும், எனவே போர்டு மேனுவலோடு ஒப்பிடுங்கள். புதிய போர்டுகளில் பீப்புக்குப் பதிலாகச் சிபியு (இங்கே பெட்டியல்ல, பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி எல்இடிகள். எதில் லைட் நிற்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கிறது. பீப்பும் இல்லை லைட்டும் இல்லையென்றால் பிராசசர் பக்கத்து 4 பின், 8 பின் வயரைப் பாருங்கள். அது கழன்றிருந்தால் எல்லா ஃபேனும் ஜோராகச் சுற்றும், பிராசசருக்கு மட்டும் கரண்ட் போகாது.

அதற்கும் அசையவில்லையென்றால் போர்டின் காசு மாதிரி வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள், பவர் கார்டு உருவிய நிலையில். பயாஸ் அமைப்பு கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். ஆனால் இதில் ஒரு பின்விளைவு உண்டு. அதைக் கீழே பார்ப்போம்.

எந்தத் தொழிலோ அந்தத் தூசி

கொங்கு நாட்டில் கம்ப்யூட்டருக்கு வரும் நோய் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. சென்னை வழிகாட்டியைப் படித்துவிட்டு இங்கே சரி செய்யப் பார்த்தால் சில விஷயங்கள் விடுபடும்.

திருப்பூர், பல்லடம், சோமனூர், கரூர்ப் பக்கம் பஞ்சு. தறி ஓடும் ஷெட்டுக்குள் இருக்கும் சிபியுவைத் திறந்தால் பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் பற்களுக்கு நடுவே மெத்தை தைத்தது போலப் பஞ்சு அடைந்திருக்கும். பஞ்சில் கரண்ட் பாயாது, அதனால் ஷார்ட் அடிக்காது. காற்றை மட்டும் மறிக்கும். எனவே இங்கே வரும் கோளாறு சூடு. கோவையில் கணபதி, சிங்காநல்லூர் லேத் பட்டறைகளில் நிலைமை தலைகீழ். அங்கே தூசி குறைவாகத்தான் தெரியும், ஆனால் அது இரும்புத் துகள். கரண்ட் பாயும். போர்டின் பின்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு ஷார்ட் அடிக்கும், ஆன் ஆகாது. நாமக்கல் கோழிப் பண்ணை ஆபீசென்றால் அமோனியா. செம்பை அரித்துப் பச்சையாக்கும். வால்பாறை எஸ்டேட் ஆபீசில் ஆடி மாசத்து ஈரம். ரேம் பற்கள் மங்கிப்போய், வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் கேட்கும். அந்த இடத்தில் கம்ப்யூட்டரை நாள்கணக்கில் அணைத்து வைப்பதைவிடத் தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிடுவது நல்லது. உள்சூடு ஈரத்தை விரட்டும்.

பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் கம்ப்ரஸர் இருப்பதால், அந்தக் காத்தையே பிடித்து அடித்துவிடுவது பழக்கம். வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் ஆயிலும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். சின்ன எலக்ட்ரிக் ப்ளோயர் போதும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், ஒரு அடி தள்ளி நின்று அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் ஃபேன் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். சுற்றும் மோட்டார் டைனமோ போலக் கரண்ட்டைத் திருப்பிப் போர்டுக்கும் அனுப்பும். இரும்புத் துகள் இருந்தால் போர்டின் முகம் கீழே பார்க்கப் பெட்டியைச் சாய்த்து, பிரஷால் தட்டிக்கொண்டே அடியுங்கள். நேராக வைத்து அடித்தால் துகள் ஸ்லாட்டுக்குள் இறங்கும்.

பெட்டியின் பின்னால் கார்டு இல்லாத இடங்களில் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டிருந்தால் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். பல்லி கதகதப்புக்கு உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கருகிச் சாவது கதையல்ல. ஒரு பல்லி, ஒரு எஸ்எம்பிஎஸ் என்று கணக்கு.

ஆன் ஆகி, தானாக அணைகிறது

ஆன் செய்து சில விநாடியிலோ இரண்டு நிமிடத்திலோ அணைந்தால் பிராசசர் ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பிராசசர் நூறு டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதையும் தாண்டினால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். கரூர் பரமத்தி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். ஹீட்சிங்க்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். இன்டெல்லின் வழக்கமான ஃபேனில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். ஒன்று கழன்றாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சூடு இறங்காது. நான்கையும் மூலைவிட்டமாக, எதிரெதிர் ஜோடியாக அழுத்திப் பூட்ட வேண்டும்.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால் அடியிலிருக்கும் சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு மட்டும் நடுவில் வையுங்கள். பன்னில் ஜாம் தடவுவது போல அப்ப வேண்டாம். கழற்றும்போது நேராக இழுக்காமல் இடவலமாக லேசாகத் திருகி எடுங்கள். பழைய ரைசன் பிராசசர்கள் காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். அதே நேரத்தில் போர்டில் உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, தலையில் பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அது போர்டு வேலை, கடைக்குத்தான்.

லோகோவோடு நிற்கிறது

பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஆடிட்டருக்குக் கொடுக்க எடுத்த பென் டிரைவ் பின்னாலேயே தங்கி, கம்ப்யூட்டர் அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும்.

"பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப் 2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். எச்பியில் எஃப் 10. அங்கே ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் பெட்டியைத் திறந்து சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள், முடிந்தால் வேறு கேபிள், வேறு துளை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக்... டிக்..." என்று ஒரே சீரான தட்டல் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே ஹெட் தடுமாறுகிறது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் டேட்டா குறையும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனாலும் விண்டோஸ் வரவில்லையென்றால் பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால் அந்த வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032, மூன்று வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பேட்டரி தீரும்போதோ நாமே கழற்றி மாட்டும்போதோ பயாஸின் அமைப்பு அத்தனையும் அழியும். மேலே சொன்ன பின்விளைவு இதுதான். விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டிருக்க, பயாஸ் யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாறியிருக்கும். அல்லது டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கோ மாறியிருக்கும். முதல் வகையில் டிஸ்க்கே இல்லை என்னும். இரண்டாம் வகையில் நீலத் திரை வந்து, பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்னும். இரண்டுக்கும் மருந்து, அந்த அமைப்பை முன்பிருந்தபடி திருப்பி வைப்பதுதான். பேட்டரி மாற்றிய மறுநாள் விண்டோஸ் வராமல், ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர்களில் பாதிக்கு ஃபார்மேட்டே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது. பயாஸ் நன்றாக இருக்கும்போதே பூட், சாட்டா பக்கங்களைச் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் பாதியில் சுழல்கிறது

இதுவரை வந்தால் பெட்டி பிழைத்துவிட்டது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு முறை செய்தால், மூன்றாம் முறை பெரும்பாலும் தானாகவே நீல நிற ரிப்பேர் பக்கம் திறக்கும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். பலிக்கவில்லையென்றால், நேற்று அப்டேட் ஆனது நினைவிருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அடுத்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. சேஃப் மோடில் எழுந்தால் பெரும்பாலும் கடைசியாகப் போட்ட டிரைவரோ ஆன்டிவைரஸோதான் காரணம், எடுத்துவிடுங்கள்.

நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ என்று 48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் போடும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் செல்போன் வழியாக நுழைந்தால் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். மகன் பேரிலோ பழைய கணக்குப்பிள்ளை பேரிலோ அந்த அக்கவுண்ட் இருந்தால் அவரைக் கேட்க வேண்டியதுதான். எண் இல்லாமல் அந்த டிஸ்க்கைத் திறக்க யாராலும் முடியாது. முடியும் என்று காசு கேட்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ரீசெட் திஸ் பிசியில் "கீப் மை ஃபைல்ஸ்" என்றால் உங்கள் ஃபைல்கள் தங்கும், ஆனால் டேலி உட்பட நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போகும். எனவே அதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி டேட்டாவை எடுத்துவிடுங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவிலேயே கிடக்கும். டி டிரைவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சி டிரைவை ஃபார்மேட் அடிக்கச் சொல்வதுதான் கணக்கு முடிக்கும் மார்ச் மாசத்தில் அழ வைக்கும் தவறு. டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க்கை ஓடவிடுவதும் டேட்டாவை எடுத்த பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மணிக்கணக்கில் உழுது, மிச்சத்தையும் முடித்துவிடும்.

எர்த்தும் இடியும்

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவிலிருக்கும் ஃபில்டர், எர்த் இல்லாத இடத்தில் பெட்டியின் இரும்பில் ஏறக்குறைய 110 வோல்ட்டை மிதக்கவிடும். கரண்ட் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. ஆனால் யூஎஸ்பியில் எதையாவது செருகும்போது போர்டைக் கொல்லலாம். எலக்ட்ரீசியனை வைத்து ப்ளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எண் ஏறும். குழியில் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம், இன்றும் வேலை செய்கிற வழக்கம். மூன்று ஃபேஸ் லைன் உள்ள தோட்டத்து வீடுகளிலும் பட்டறைகளிலும் நியூட்ரல் கழன்றால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை வரும். லைட்டுகள் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் ஓடிப்போய் மெயினை இறக்குங்கள்.

சித்திரை வைகாசியில் கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடி இறங்கும்போது பவர் கார்டை மட்டும் உருவினால் போதாது. நெட் கேபிளையும் உருவுங்கள். இடிக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போய், நெட் கேபிளை எடுத்ததும் ஆன் ஆனால், இடி வந்த வழி அந்தக் கேபிள்தான்.

கடைக்குக் கொண்டு போவதென்றால்

சிபியு மட்டும் போதும். மானிட்டர், கீபோர்டு வேண்டாம். டூவீலரில் முன்னால் வைத்துக் கொண்டு போவதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள். அவிநாசி ரோட்டுக் குழியில் அந்தக் கனம் ஸ்லாட்டை உடைத்துவிடும். "ஆன் ஆகலை" என்று சொல்லாமல், ஃபேன் சுற்றுகிறதா, பீப் எத்தனை, எந்த எல்இடி நிற்கிறது, ஒற்றை ரேமில் போட்டுப் பார்த்தீர்களா, பேட்டரி மாற்றினீர்களா என்பதை ஒரு சீட்டில் எழுதி கேபினெட் மேல் ஒட்டிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது முக்கியமென்றால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டும் போகலாம். டிஸ்ப்ளே கோளாறு பார்க்க டிஸ்க் தேவையில்லை. பார்ட் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், புதியதன் பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்குத் திரும்பப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.